விசில் மாஸ்டர் பதில்கள்: போலந்திலிருந்து ஒரு ஒன்பதாம் நம்பர்

(சென்ற இதழில், 'ஃபுட்பாலில் இந்தத் தலைமுறையின் முழுமையான சென்டர் ஃபார்வர்டு (ஒன்பதாம் நம்பர் சட்டைக்காரர், முன்வரிசை நடுவில் நின்று கோல் போடுகிறவர்) யார்?' என்ற கேள்விக்கு 'லெவாண்டோவ்ஸ்கி' என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் கடிதமாக வந்து குவிந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க அவர்தான். கபடிக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் உங்களுடையது.)

மெஸ்ஸி இருக்கிறார், ரொனால்டோ இருக்கிறார். வாயில் நுழையாத பெயரைச் சொன்னால் பெரிய அறிவாளி என்று நினைப்பார்கள் என்றா, மாஸ்டர்?
*செல்போன் கடைக்காரர், கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம்*

கேள்வியை இன்னொரு தடவை படியுங்கள் தம்பி. கேட்டது சென்டர் ஃபார்வர்டு. மெஸ்ஸி அந்த வேலைக்கு வந்தவரே இல்லை. ரொனால்டோ ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்து பிற்பாடு நடுவுக்கு வந்தவர். ராபர்ட் லெவாண்டோவ்ஸ்கி சின்ன வயதிலிருந்தே கோல் போடுவதற்கென்றே வளர்ந்தவர். வலது கால், இடது கால், தலை மூன்றிலும் அடிப்பார். டிஃபெண்டரை முதுகில் தாங்கிக்கொண்டு பந்தை நிறுத்தி, பின்னால் ஓடிவரும் ஆளுக்குத் தட்டிக்கொடுப்பார். ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்கு மட்டும் 375 ஆட்டத்தில் 344 கோல். ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 100 கோலைத் தொட்டவர்கள் ரொனால்டோவுக்கும் மெஸ்ஸிக்கும் அடுத்து இவர்தான், 2024 நவம்பரில்.

வாயில் நுழையாத பெயர் என்கிறீர்கள். ராபர்ட் என்ற பெயரை அவருடைய அப்பா வைத்ததே, மகன் ஒரு நாள் வெளிநாட்டில் ஆடப்போனால் அங்கே கூப்பிடச் சுலபமாக இருக்கட்டும் என்றுதானாம். பிள்ளை நடக்கப் பழகும் முன்பே அந்த மனுஷன் போட்ட திட்டத்தைப் பாருங்கள்.

என் மகனுக்கு 16 வயது. விளையாட்டு விடுதித் தேர்வில் 'உடம்பு போதாது' என்று அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து பந்தைத் தொடவே மாட்டேன் என்கிறான். உங்கள் போலந்துக்காரர் கதையில் இவனுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா?
*ஒரு தகப்பனார், பாலக்கோடு*

இருக்கிறது ஐயா. அவர் வாங்கிய விருதையெல்லாம் தள்ளிவையுங்கள். நான் பாடமாக நடத்துவதென்றால் 2005 முதல் 2008 வரை உள்ள மூன்று வருஷத்தைத்தான் நடத்துவேன்.

வார்சா நகரத்துக்கு மேற்கே லெஷ்னோ என்ற கிராமத்தில் வளர்ந்தவர். அம்மா, அப்பா இரண்டு பேருமே நம்ம ஆளுங்க, உடற்கல்வி வாத்தியார்கள். அப்பா ஜூடோவில் போலந்து சாம்பியன், இரண்டாம் டிவிஷன் வரைக்கும் ஃபுட்பாலும் ஆடியவர். அம்மா வாலிபால். பையன் மட்டும் ஒல்லி. கூட ஆடின பிள்ளைகள் 'போபெக்' என்று கூப்பிடுவார்களாம், பொடியன் என்கிற மாதிரி. 2005-இல் அப்பா இறந்துபோகிறார். பையனுக்கு உங்கள் மகன் வயதுதான். அடுத்த வருஷம், வார்சாவின் பெரிய கிளப்பான லெகியா, ரிசர்வ் அணியில் அடிபட்டுக் கிடந்த இந்தப் பையனை 'வேண்டாம்' என்று அனுப்பிவிடுகிறது. அப்பாவும் இல்லை, கிளப்பும் இல்லை, காலிலும் அடி.

அப்புறம் எங்கே போனார் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வார்சாவுக்குப் பக்கத்தில் ப்ருஷ்குவ் என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஸ்னிச் என்று ஒரு கிளப். மூன்றாம் டிவிஷன். வீட்டிலிருந்து வெகுதூரமும் இல்லை, பெருமையும் இல்லை. 2006-07 சீசனில் அங்கே 15 கோல், அந்த டிவிஷனிலேயே முதலிடம். கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. அடுத்த வருஷம் 21 கோல், அங்கேயும் முதலிடம். 2008-இல் போஸ்னான் நகரத்து லெக் கிளப் 15 லட்சம் ஸ்லோட்டி (போலந்துப் பணம்) கொடுத்து வாங்கிக்கொண்டது. 2009-10-இல் அவர்களுக்கு லீக் பட்டம். இவருக்கு 18 கோல், நாட்டிலேயே முதலிடம்.

மூன்றாம் டிவிஷனில் முதல், இரண்டாவதில் முதல், முதலாவதில் முதல். ஒரு படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. எந்தப் படியிலும் இருக்க வேண்டிய நாளுக்கு மேல் உட்காரவும் இல்லை. பெரிய கிளப்பில் ஒட்டிக்கொண்டு பெஞ்சைத் தேய்த்திருந்தால் ப்ருஷ்குவில் போட்ட இந்த 36 கோலும் வந்திருக்காது. கோல் போடப் பழகுவதற்கு ஒரே வழி, நிஜ ஆட்டத்தில், நம்மை உதைக்க வருகிற நிஜ டிஃபெண்டருக்கு எதிராகக் கோல் போடுவதுதான்.

உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள்: விடுதி கிடைக்காவிட்டால் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயக்கோட்டை வழியாக ஓசூர் பஸ் ஏறச் சொல்லுங்கள். சிப்காட் பக்கம் கேரளாப் பையன்கள், வங்காளப் பையன்கள், மணிப்பூர்ப் பையன்கள் ஷிஃப்ட் முடித்துவிட்டு ஆடுவார்கள். வளர்ந்த ஆட்கள், தோளால் இடித்துத் தள்ளுவார்கள். அந்த இடியில்தான் ஒல்லிப் பையனுக்கு உடம்பை எங்கே வைப்பது என்று புரியும். களியும் கீரையும் போடுங்கள், உடம்பு தானாக வரும். விடுதித் தேர்வு அடுத்த வருஷமும் நடக்கும்.

எரிமலையால் இங்கிலாந்துக்குப் போகாமல் நின்றார் என்கிறார்களே, நிஜமா, கட்டுக்கதையா?
*கல்லூரி மாணவர், பர்கூர்*

நிஜம். 2010-இல் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை நேரில் பார்க்கப் புறப்படவிருந்தார். ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் மேகத்தால் ஐரோப்பா முழுக்க விமானம் ரத்து. பயணம் நின்றது. அந்தக் கோடையில் ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்குப் போனார். பிளாக்பர்ன் 2012-இல் பிரீமியர் லீக்கை விட்டே இறங்கிவிட்டது. நம்ம ஊர் ஜோசியர் யாரிடமாவது இந்த ஜாதகத்தைக் காட்டுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

போலந்தில் அதற்கு முன்னால் நல்ல ஸ்ட்ரைக்கர்களே இல்லையா? ஒருவரும் வெளிநாட்டில் பெயர் வாங்கியதாகத் தெரியவில்லையே.
*ஓய்வுபெற்ற தபால்காரர், காவேரிப்பட்டணம்*

நன்றாகக் கேட்டீர்கள். ஆள் இல்லாமல் இல்லை, அனுப்பத்தான் இல்லை. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில், ஆட்டக்காரருக்கு ஏறக்குறைய 30 வயது ஆகும்வரை வெளிநாட்டு கிளப்புக்குப் போக அரசு சாமானியத்தில் அனுமதி தராது. பழுத்து உதிரும் நேரத்தில்தான் கதவைத் திறப்பார்கள்.

ஜெகோஷ் லாட்டோ. 1974 உலகக்கோப்பையில் 7 கோல், போட்டியிலேயே அதிகம். போலந்துக்கு மூன்றாம் இடம். இன்றைக்கு ஒருவன் அப்படி ஆடினால் மறுநாள் காலையில் கோடிகளோடு ஏஜெண்டுகள் வாசலில் நிற்பார்கள். லாட்டோ என்ன செய்தார்? மியெலெட்ஸ் என்ற தன் ஊர் கிளப்புக்கே திரும்பிப்போய் இன்னும் ஆறு வருஷம் ஆடினார். 1980-இல்தான் பெல்ஜியத்தின் லோக்கரன் கிளப்புக்குப் போனார். அங்கே அவருக்கு முன்பே, 1975-இல் போய்ச் சேர்ந்திருந்தவர் வ்வோஜிமியெஷ் லுபான்ஸ்கி. அந்தக் காலத்துப் போலந்தின் பெரிய கோல்காரர். இரண்டு பேரையும் உலகம் முழுதாகப் பார்க்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

விதிவிலக்கு ஸ்பிக்னியெவ் போனியெக். 1982 உலகக்கோப்பையிலும் போலந்து மூன்றாம் இடம். அந்த வருஷமே, 26 வயதில், இத்தாலியின் யுவெண்டஸ் அவரை வாங்கிக்கொண்டது. 1984-இல் ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் போர்ட்டோவுக்கு எதிராக வெற்றிக் கோல் அவருடையது. யுவெண்டஸ் முதலாளி ஆக்னெல்லி அவரை 'இரவின் அழகன்' என்றார். ஐரோப்பியக் கோப்பை ஆட்டமெல்லாம் ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும், அப்போதுதான் இந்த ஆள் ஜொலிப்பார் என்பதால். பகல் ஆட்டத்தில் கொஞ்சம் தூங்குவார் என்ற குத்தலும் அதில் உண்டு.

இன்னொரு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள். மிரோஸ்லாவ் க்ளோசே ஒப்போலே நகரத்திலும், லூக்காஸ் பொடோல்ஸ்கி கிலிவிட்ஸே நகரத்திலும் பிறந்தவர்கள். குழந்தையாகக் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய் ஜெர்மன் சட்டையில் ஆடினார்கள். 2014-இல் க்ளோசே தன் 16-வது உலகக்கோப்பை கோலைப் போட்டார். போலந்துக்காரர்கள் முன்னால் இதைச் சொல்லாதீர்கள், வயிறு எரியும்.

டோர்ட்மண்டில் போனவுடனே கலக்கினாரா?
*பெயர் வேண்டாம், அரூர்*

இல்லை. முதல் வருஷம் லீக்கில் 8 கோல்தான். சென்டர் ஃபார்வர்டு இடத்தில் லூக்காஸ் பாரியோஸ் என்ற பராகுவேக்காரர் அசையாமல் நின்றார். இவரைப் பெரும்பாலும் சப்ஸ்டிட்யூட்டாக இறக்கினார்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தப் பின்வரிசை வேலைதான் பிற்பாடு அவரைப் பெரிய ஆள் ஆக்கியது என்பது என் கணிப்பு. பந்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கிற கலையை அங்கேதான் கற்றார்.

கோச் யூர்கன் க்ளாப். பயிற்சியில் பத்து கோல் போட்டால் நான் உனக்கு 50 யூரோ, போடாவிட்டால் நீ எனக்கு 50 என்று பந்தயம் கட்டினாராம். ஆரம்பத்தில் கிட்டத்தட்ட தினமும் இவர் கையிலிருந்துதான் காசு போனது. சில மாதத்தில் கதை திரும்பி, 'போதும்பா, நிறுத்து' என்று க்ளாப் கையெடுத்துக் கும்பிடும் நிலைமை. லெவாண்டோவ்ஸ்கியே சொன்னது இது. (நானும் ஒரு காலத்தில் பையன்களிடம் டீ, வடை பந்தயம் கட்டியவன். வாத்தியார் சம்பளத்துக்கு அதுதான் கட்டும்.)

2011 செப்டம்பர் கடைசியில் மார்சேய் ஊரில் 3-0 என்று தோற்கிறார்கள். திரும்பி வந்ததும் இவர் நேராக க்ளாப் அறைக்குப் போய், 'என்னிடம் உங்களுக்கு என்னதான் வேண்டும்?' என்று கேட்கிறார். வெகுநேரம் பேசினார்கள். அப்பா போன பிறகு அப்படி ஒரு பேச்சை யாரோடும் பேசியதில்லை என்று பிற்பாடு சொன்னார். மூன்றாம் நாள் ஆக்ஸ்பர்க்குக்கு எதிராக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்), நான்காவது கோலுக்கு பாஸும் அவருடையதே. அந்த சீசன் லீக்கில் 22 கோல், லீக் பட்டம், ஜெர்மன் கோப்பை இறுதியில் பேயர்னுக்கு எதிராக இன்னொரு ஹாட்ரிக். 2013 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நாலு கோல்.

வெளியூருக்கு வேலைக்குப் போகிற பையன்கள், கம்பெனியில் சூப்பர்வைசரைப் பார்த்தாலே ஒதுங்கி நடப்பவர்கள், இந்த மார்சேய் கதையை இரண்டு தடவை படிக்கவும்.

ஒன்பது நிமிஷத்தில் ஐந்து கோல் போட்டதை நேரில் பார்த்த மாதிரி சொல்லுங்கள் மாஸ்டர்.
*மாங்கூழ் ஃபேக்டரி நைட் ஷிஃப்ட் நண்பர்கள், கிருஷ்ணகிரி*

டிவியில் பார்த்த மாதிரி சொல்கிறேன். 2015 செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை. நமக்கு ராத்திரி பதினொன்றரைக்கு ஆட்டம். பேயர்ன் மியூனிக்கும் வோல்ஃப்ஸ்பர்க்கும். வோல்ஃப்ஸ்பர்க் சும்மா அணி இல்லை. அதற்கு முந்தைய சீசனில் லீக்கில் இரண்டாம் இடம், ஜெர்மன் கோப்பையும் அவர்களுடையது. இடைவேளைக்கு 1-0 என்று முன்னால் நிற்கிறார்கள். பேயர்ன் கோச் பெப் கார்டியோலா, பெஞ்சிலிருந்து லெவாண்டோவ்ஸ்கியை எழுப்பி இறக்குகிறார். நமக்கு அப்போது நடுநிசி தாண்டிவிட்டது.

51-ஆவது நிமிஷம், கோல் முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் ஒரு தட்டு. 1-1. அடுத்த நிமிஷமே பாக்ஸுக்கு வெளியிலிருந்து தரையோடு தரையாக ஓர் அடி. 55-இல் மூன்றாவது. அதுதான் எனக்குப் பிடித்தது: முதல் அடி போஸ்ட்டில் பட்டுத் திரும்புகிறது, இரண்டாவதைக் கீப்பர் பெனாலியோ தடுக்கிறார், மூன்றாவது அடி உள்ளே. மற்றவர்கள் முதல் அடி போஸ்ட்டில் பட்டதும் தலையில் கை வைப்பார்கள். இவர் தலைக்குக் கை போவதற்குள் பந்துக்குப் போய்விட்டார். 57-இல் ஓரத்திலிருந்து டக்ளஸ் கோஸ்டா அனுப்பியதை ஓடிவந்த வேகத்தில் அடித்தது நான்காவது. 60-இல் கோட்ஸே அனுப்பிய பந்தை அந்தரத்தில் உடம்பைச் சாய்த்துக் கத்தரிக்கோல் அடி. ஐந்து.

8 நிமிஷம் 59 விநாடி. கார்டியோலா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்ற காட்சி உலகம் முழுக்கப் பரவியது. கின்னஸ்காரர்கள் ஒரே ஆட்டத்துக்கு நாலு சான்றிதழ் கொடுத்தார்கள்.

2020-21-இல் லீக்கில் 41 கோல் போட்டு, பேயர்னின் அந்தக் காலத்து ஸ்ட்ரைக்கர் கெர்ட் முல்லர் 1971-72-இல் வைத்த 40 கோல் சாதனையை உடைத்ததையும் பலர் கேட்டிருக்கிறீர்கள். உடைத்தது கடைசி ஆட்டத்தின் 90-ஆவது நிமிஷத்தில். அதற்கு முன் முழங்காலில் அடிபட்டுச் சில ஆட்டம் வெளியே உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேலன் தோர் ஏன் கிடைக்கவில்லை?
*ஊத்தங்கரை வாசகர்*

வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற அந்த விருது, 2020-இல் கிடைத்திருக்க வேண்டும். சாம்பியன்ஸ் லீக்கில் 15 கோல், பேயர்னுக்கு மூன்று பெரிய கோப்பை, அந்த சீசனில் மொத்தம் 55 கோல். கொரோனாவைக் காரணம் காட்டி அந்த வருஷம் விருதையே நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் மெஸ்ஸிக்கு அடுத்தபடி இரண்டாம் இடம். மேடையில் மெஸ்ஸியே, போன வருஷத்து விருது இவருக்குரியது என்றார். ஃபிஃபாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது 2020, 2021 இரண்டிலும் இவருக்குத்தான். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, அதனால் இதோடு நிறுத்துகிறேன்.

கிளப்புக்கு மலை மலையாகக் கோல் போடுகிறவர், உலகக்கோப்பையில் ஏன் ஒன்றுமில்லாமல் போனார்? காசுக்கு ஆடுகிறவர், நாட்டுக்கு ஆடமாட்டார் என்று எங்கள் டீக்கடையில் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.
*பென்னாகரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை சார்பாக ஒருவர்*

தீர்ப்பை ரத்து செய்யுங்கள். 2018 உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்றில் மட்டும் 16 கோல், ஐரோப்பாவிலேயே ஒரு தகுதிச் சுற்றில் அதுவரை எவரும் போடாத எண்ணிக்கை. போலந்துக்காக இவர் அளவுக்குக் கோல் போட்டவரும் இல்லை, ஆடியவரும் இல்லை. நாட்டுக்கு ஆடமாட்டாராம்!

ஆனால் 2018 உலகக்கோப்பையில் ஒரு கோல்கூட இல்லை என்பது வாஸ்தவம். 2022-இல் மெக்ஸிகோவுக்கு எதிராகப் பெனால்டியை ஓச்சோவா தடுத்துவிட்டார். அடுத்து சவூதிக்கு எதிராகத்தான் முதல் உலகக்கோப்பை கோல் விழுந்தது, 34 வயதில். தரையில் விழுந்து அழுதார்.

காரணம் சொல்கிறேன். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எவ்வளவு பசி இருந்தும் பயனில்லை, பரிமாறுகிறவர் அந்தப் பக்கம் வரவேண்டும். மியூனிக்கில் இவருக்குப் பந்து கொடுக்க தாமஸ் முல்லர், கிம்மிச், அலாபா, ஓரத்தில் ராபன், ரிபெரி. ஓர் ஆட்டத்தில் ஏழெட்டு நல்ல வாய்ப்பு வரும். போலந்து அணி உலகக்கோப்பையில் பெரிய அணியைக் கண்டால் பத்து பேரையும் பின்னால் நிறுத்திவிடும். இவர் நடு மைதானத்தில் மூன்று டிஃபெண்டருக்கு நடுவே, பந்து வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அர்ஜென்டினாவோடு 2022-இல் நடந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

2025 ஜூனில் கேப்டன் பட்டையைப் பறித்த விவகாரத்தையும் அதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். களைப்பாக இருக்கிறது, இந்த முறை விடுங்கள் என்றார் இவர். கோச் ப்ரோபியெஷ் போனில் கூப்பிட்டு, பட்டை இனி சியெலின்ஸ்கிக்கு என்றார். இந்த கோச் இருக்கும்வரை நாட்டுக்கு ஆடமாட்டேன் என்று இவரும் அறிவித்தார். போலந்து பின்லாந்திடம் தோற்றது, கோச் ராஜினாமா. புதிய கோச் உர்பன் வந்ததும் பட்டை திரும்ப வந்தது. அத்தனை வருஷம் சுமந்தவனிடம் போனில் சொல்வது முறையில்லை. அதற்காக 'இவர் இருந்தால் வரமாட்டேன்' என்று ஊருக்கே சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு பேரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பேன்.

சாப்பாட்டில் இனிப்பை முதலில் சாப்பிடுவாராமே? என் வீட்டுக்காரர் இதைக் காரணம் காட்டி, இலையில் முதலில் மைசூர்பாகு கேட்கிறார்.
*இல்லத்தரசி, தர்மபுரி*

சாப்பிடுவார், உண்மை. மனைவி அன்னா கராத்தே வீராங்கனை, உணவு நிபுணர். சாப்பாட்டு ஒழுங்கெல்லாம் அவருடைய ஏற்பாடு. ஆனால் அம்மா, அந்த மனுஷன் இனிப்பு என்று சாப்பிடுவதில் மைசூர்பாகு இருக்காது. உங்கள் வீட்டுக்காரர் தினம் பத்து கிலோமீட்டர் ஓடினால் முதலில் வையுங்கள். இல்லாவிட்டால் கடைசியிலும் வைக்காதீர்கள்.

33 வயதில் பார்சலோனாவுக்குப் போனது காசு ஆசைதானே?
*ஓசூர் வாசகர்*

போன முதல் வருஷமே, 2022-23-இல், ஸ்பெயின் லீக்கில் 23 கோல், அதிக கோல் அடித்தவர், அணிக்குப் பட்டம். 2024-25-இல் மறுபடி பட்டம், 27 கோல். இது காசு ஆசை என்றால் அந்த ஆசை எல்லோருக்கும் வரட்டும்.

மாஸ்டர், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஸ்கூலில் பெண்களுக்கு ஃபுட்பால் கிடையாது, கோ-கோதான். போலந்தில் லெவாண்டோவ்ஸ்கி மாதிரி ஒரு அக்கா இருக்கிறாரா?
*மாணவி, மத்தூர்*

இருக்கிறார் கண்ணு! எவா பயோர். உனிஎயூவ் என்ற சின்ன ஊர்ப் பக்கத்துக் கிராமத்துப் பெண். உன் வயதுக்குக் கொஞ்சம் கூட, 15 வயதிலேயே போலந்தின் முதல் டிவிஷனில் இறங்கிவிட்டார். 2015-இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் பெண்கள் அணிக்குப் போனார். ஆமாம், நம்ம ஆள் ஐந்து கோல் அடித்தாரே, அதே கிளப்தான். ஜெர்மன் லீக்கில் இரண்டு தடவை அதிக கோல் அடித்தவர். நடுவில் முழங்கால் அடியால் நெடுநாள் வெளியே இருந்து திரும்பி வந்தார். 2024-இல் அவரும் பார்சலோனாவுக்கே போய், முதல் சீசனிலேயே லீக்கில் 25 கோல், அங்கேயும் முதலிடம். 2025-இல் போலந்துப் பெண்கள் அணி முதல்முறையாக யூரோ கோப்பையில் ஆடியது. டென்மார்க்கை 3-2 என்று வென்றபோது ஒரு கோல் அவருடையது.

கோ-கோவை விட்டுவிடாதே. சட்டென்று திரும்புவதற்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. உங்கள் பி.டி. டீச்சரிடம் போய், ஸ்டோர் ரூமில் ஃபுட்பால் இருக்கிறதா என்று கேள். எல்லா ஸ்கூலிலும் ஒன்று இருக்கும், காற்றுதான் இருக்காது. பம்ப் இல்லை என்று சொன்னால் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோ, ஊசி மட்டும் தனியாக வாங்கிக்கொள். ஏழு பெண்களைச் சேர்த்துவிட்டு எனக்கு எழுது. நீ வலது காலா, இடது காலா என்று கடிதத்தில் சொல்லவே இல்லையே?